சீட்டில் எழுதாத செலவு

மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையேறுவதற்காக ஒரு நாள் காலையில் வாவிக்கரையில் காத்து நின்றோம். நமக்கு நெடுநாட் பழக்கமான வேளாண்மைக்காரர் ஒருவர் அருகில் வந்து, மடியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். “சேர், இதை ஒருக்கா வாசித்துச் சொல்லுங்க” என்றார். கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றின் கட்டணச் சீட்டு அது. அவருடைய மூத்த மகளின் கன்னத்திலும் கழுத்திலும், சிறு வயதில் குப்பி விளக்குக் கவிழ்ந்து சுட்ட தழும்பு இருக்கிறது. பெண் பார்க்க வருவோர் அதைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களாம். வயலை ஈடு வைத்தாவது அதனை மாற்றிவிடுவதென்று வீட்டிலே தீர்மானமாகியிருந்தது. வருவோர் தழும்பைப் பார்க்கிறார்களா, வயலைப் பார்க்கிறார்களா என்பது வேறு வழக்கு.

சீட்டிலே ஒரே ஒரு தொகைதான் இருந்தது. “இவ்வளவுதானே, சேர்?” என்றார். இவ்வளவு என்பது எவ்வளவு என்று அறிவதுதான் முதல் வேலை. இத்தகைய சீட்டுகளில் முதலில் காட்டப்படும் தொகை பல வேளைகளில் கத்தி பிடிக்கும் நிபுணருடைய கட்டணம் மாத்திரமே. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர், சத்திரசிகிச்சைக் கூடம், விடுதி, இரத்தப் பரிசோதனை, மருந்து, கட்டு மாற்றுதல் ஆகியன வேறு. அமெரிக்காவின் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் சங்கம் வெளியிடும் சராசரிக் கட்டண விவரத்திலும் நிபுணரின் ஊதியமே அடங்கும். ஏனைய செலவுகள் சேர்க்கப்படவில்லை என்று அச்சங்கமே குறிப்பிடுகிறது. நமது வேளாண்மைக்காரருக்கோ இன்னும் உண்டு. மட்டக்களப்புக்குச் சென்று இரவு ரயிலேற வேண்டும். துணைக்கு ஒரு பெண். தங்க ஓர் அறை. தையல் பிரிக்க ஒரு பயணம், திரும்பக் காட்ட மற்றொன்று. அறுவடைக் காலமாயின் வயலுக்கு ஆளமர்த்தும் கூலியும் சேரும். தொலைபேசியில் ஒவ்வொன்றாய்க் கேட்டுக் கூட்டினோம். தொகை ஏறக்குறைய இரட்டித்தது.

“ஒரு முறை போதுமா?” என்ற கேள்வி அப்பொழுதும் எஞ்சி நின்றது. சத்திரசிகிச்சையால் தழும்பு அழிந்துவிடுவதில்லை. வெட்டித் தைத்த இடத்தில் வேறொரு தழும்பு வரும். அது மெல்லியதாய், மறைவாய் அமையும் என்பதே எதிர்பார்ப்பு. கீலாய்டு என்னும் தடித்து வளரும் தழும்பு கருநிற மேனியருக்கே அதிகமாக வருவது. அதனை வெட்டினால் முன்னிலும் பெரிதாக வளர்தல் கூடும். அதற்காக ஊசி மருந்தும் பல மாதக் கண்காணிப்பும் வேண்டியிருக்கும். மறுமுறை செய்ய நேர்ந்தால் செலவு எவருடையது என்பதைச் சீட்டு சொல்லவில்லை. அதனை எழுத்திலே கேட்கும்படி சொன்னோம்.

இதற்குள் உறவினர் ஒருவர், மலிவாகச் செய்யும் இடமொன்று தமக்குத் தெரியும் என்றார். விசாரித்தால், அது ஓர் அழகு நிலையம்! சென்னையில் 2016ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அவருக்குக் கூறினோம். தலையில் முடி நடும் சிகிச்சை செய்துகொண்ட 22 வயது இளைஞர் ஒருவர் அதன் பின் உயிரிழந்தார். அவர் மருத்துவக் கல்லூரி மாணவர். அந்த நிலையத்துக்கு முடிதிருத்தகம் நடத்தும் அனுமதி மாத்திரமே இருந்ததென விசாரணையில் தெரியவந்தது. மருத்துவம் படித்த பிள்ளையே ஏமாந்த இடத்தில் நாம் எம்மாத்திரம்? நம் நாட்டிலே வைத்தியரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் உண்டா என்று பார்க்கலாம். தனியார் வைத்திய நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு பெற வேண்டியவை. இவற்றைக் கேட்பதற்கு எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

அன்று மாலை அவர் வீட்டுக்குச் சென்றோம். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை என்றவுடன், தோலுக்குள் பிளாஸ்டிக் வைத்துத் தைப்பார்களோ என்று தாயார் அஞ்சிக்கொண்டிருந்தார். உருவமைத்தல் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது என்று விளக்கினோம். அதுவரை பேசாதிருந்த மகளை நோக்கி, “பிள்ளை, உமக்கு எது கஷ்டம்?” என்று வினவினோம். அவளை ஒருவரும் கேட்டதில்லை போலும். “முகம் கிடக்கட்டும் சேர். கழுத்தைத் திருப்பினால்தான் இழுக்குது” என்றாள்.

தகப்பனார் திகைத்துவிட்டார். தீப்புண் ஆறுகையில் தோல் சுருங்கி அசைவைத் தடுப்பது உண்டு. அதனை விடுவிப்பது சிகிச்சையே ஒழிய அலங்காரம் அன்று. அழகுக்கு மட்டும் செய்வதைத்தான் நம் கைப்பணத்தில் செய்ய வேண்டும். இதுபோன்ற குறையை அரசாங்க வைத்தியசாலையிலே கட்டணமின்றிக் காட்டலாம். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் இதற்கென்றே நிபுணர் பிரிவு உண்டு. இங்கிருந்து அனுப்பும் கடிதத்துடன் அங்கே போகலாம். கன்னத்துத் தழும்பைப் பற்றியும் அங்கேயே கேட்டு, அதன் பின் தனியாருக்குப் போவதா என்று முடிவு செய்யலாமே என்றோம்.

மறு வாரம் தகப்பனும் மகளும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் காட்டி வந்தார்கள். முறை வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். வயல் உறுதி இன்னும் பெட்டியிலேயே இருக்கிறது.