செகாவின் தோட்டமும் நமது நிலமும்

கடனில் மூழ்கிய பண்ணை ஏலத்துக்கு வருகிறது. ஏலம் எடுத்தவன் மரங்களை வெட்டி, நிலத்தை மனை மனையாகப் பிரிக்க ஏற்பாடு செய்கிறான். அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில் நடப்பவர்களுக்கு இது புதுக் கதையல்ல. மல்லாட்டை விளைந்த கொல்லையில் எல்லைக்கல் நிற்பதை நாம் பார்த்து வருகிறோம். ஆனால் நாம் சொல்வது, 1904-ல் மாஸ்கோவில் மேடையேறிய அன்டன் செகாவின் "செர்ரித் தோட்டம்" என்ற ருஷ்ய நாடகத்தை.

யார் இந்தச் செகாவ்? 1860-ல் பிறந்தவர். அவருடைய பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து, பணம் கட்டி விடுதலை பெற்றவர். செகாவ் டாக்டருக்குப் படித்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1890-ல் சகாலின் தீவுக்குச் சென்று, கைதிகள் படும் பாட்டை நேரில் கண்டு எழுதினார். மாக்சிம் கார்க்கி அகாடமிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதை 1902-ல் ஜார் ஆட்சி ரத்துச் செய்தபோது, தமது அகாடமிப் பதவியையும் துறந்தார்.

"அவர் நாடகத்தில் போராட்ட முழக்கம் இல்லையே, நமக்கு எதற்கு?" என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். உண்மை, முழக்கம் இல்லை. பண்ணையை வாங்கும் லோபாகின், அதே பண்ணையில் அடிமைகளாயிருந்தவர்களின் வாரிசு. அவன் கொடியவனல்ல. விற்ற பிரபு குடும்பமும் கொடியதல்ல. கண்ணீர் விடுகிறது, வண்டியேறிப் போய்விடுகிறது. வீட்டைப் பூட்டிய பிறகுதான் நமக்குத் தெரிகிறது: ஆயுள் முழுவதும் அங்கே ஊழியம் செய்த 87 வயதுக் கிழவன் பீர்ஸ் உள்ளே கிடக்கிறான்! அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். போய்ப் பார்த்தவர் எவருமில்லை. வெளியே மரத்தில் கோடரி விழும் சத்தம். திரை விழுகிறது.

உலக இலக்கியத்தில் செகாவின் ஸ்தானம் இந்தப் பூட்டிய வீட்டுக்குள்தான் இருக்கிறது. நிலம் கைமாறும்போது விற்றவனுக்குப் பணம், வாங்கியவனுக்குப் பத்திரம். நாற்று நட்ட கைக்கு என்ன? ஆலையை மூடி மனையை விற்கும்போது தறி ஓட்டியவனுக்கு என்ன? ஒரு வசைச்சொல் கூட இல்லாமல் இந்தக் கேள்வியை நம் நெஞ்சில் இறக்கிவிடுகிறார் அவர்.

இது படித்தவர்களுக்கு மட்டும் உரிய நாடகம் என்பது வீண்பேச்சு. பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து, துகிலுரிந்த சபையில் வாய்மூடி இருந்தவர்கள் செய்தது நியாயமா என்று வாதாடுகிற ஜனங்கள் நாம். நமக்குச் செகாவ் புரியாமல் போவாரா?

சங்கப் படிப்பகங்களில் அவரை வாசியுங்கள். அறுப்பு முடிந்த களத்தில் நடியுங்கள். பீர்ஸ் வேஷத்தை நம்மூர்ப் பண்ணையாள் ஒருவர் கட்டட்டும். ஊரே அவரை அடையாளம் கண்டுகொள்ளும்.