ஒட்டுறது பெருசில்லை, உரிக்கிறதுதான் வேலை

பழைய கார் இருக்கிற வீட்டில் ஒரு நாள் இது நடந்தே தீரும். காரின் உள்கூரைத் துணி, அதாங்க ரூஃப் லைனிங், நடுவில் லேசாகத் தொப்பை போடும். முதலில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அடுத்த கோடையில் தொப்பை பெருசாகி பின் சீட்டில் இருப்பவர் தலையில் உட்காரும். அதற்கு அடுத்த கோடையில் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியை மறைக்கும். அதன் பிறகுதான் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும், "இந்த வண்டியை வித்துரலாமா?"

எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். சித்தப்பாவின் கார் 2003 மாடல். கம்பெனி பெயர் வேண்டாம், இது எந்தக் கம்பெனி காருக்கும் வரும் நோய். தினமும் விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக சிவகாசிக்குப் போய், அவர் வேலை பார்க்கும் லேமினேஷன் யூனிட் வாசலில் பகல் பூரா வெயில் காயும். மாதத்துக்கு ஒரு தடவை பாட்டியை சிகிச்சைக்காக மதுரைக்குக் கூட்டிப் போகிறதும் இந்தக் கார்தான். பாட்டிக்கு இளைப்பு உண்டு. துணி தொங்குவதை அவர் சகித்துக்கொண்டார். துணிக்கு மேலேயிருந்து மஞ்சளாக ஒரு தூள் உதிர ஆரம்பித்ததைத்தான் சகிக்க முடியவில்லை. மதுரை போய் வருவதற்குள் இருமி இருமி ஓய்ந்து போவார்.

பி.காம் படிக்கிற உனக்குக் கார் கூரையைப் பற்றி என்னடா தெரியும் என்று கேட்பீர்கள். கேளுங்க. செமஸ்டர் லீவில் பாதியை இதற்குத்தான் தொலைத்தேன் :-)

முதலில் ஒரு கடைக்குப் போனோம். துணியைக் கழற்றவே இல்லை. ஊசியில் பசையை ஏற்றி, துணியில் அங்கங்கே குத்தி, உள்ளங்கையால் அழுத்தினார்கள். 800 ரூபாய். அரை மணி நேரத்தில் தொப்பை காணாமல் போனது. சித்தப்பாவுக்கு ஏக சந்தோஷம். நாற்பது நாள் கழித்து தொப்பை திரும்பி வந்தது, இந்த முறை பசைக் கறைகளோடு. அம்மைத் தழும்பு போட்ட தொப்பை!

திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவர் தொங்கிய துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டது. துணியின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். விரல் முழுக்க மஞ்சள் தூள். "டேய், பசை தோத்துப் போகலடா. பசை அட்டையிலயும் இருக்கு, துணியிலயும் இருக்கு. நடுவுல இருந்த ஸ்பாஞ்சுதான் செத்துப்போச்சு. தூசி மேல ஒட்டுனா தூசியோடதான் வரும்" என்றார். இருபது வருஷமாக புத்தக அட்டைக்கும் காலண்டருக்கும் பிலிம் ஒட்டுகிற மனுஷன். ஒட்டுவதைப் பற்றி சிவகாசிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அவரே 800 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தார், அதுதான் வேடிக்கை.

விஷயம் அவ்வளவுதான், ஆனால் நிறைய பேருக்குத் தெரியவில்லை. அம்பாசடர், பிரிமியர் பத்மினி காலத்தில் கூரை வேலை வேறு மாதிரி. ரெக்சினைக் குறுக்குக் கம்பிகளில் கோத்துத் தொங்கவிட்டு, ஓரங்களில் இழுத்துப் பிடித்திருப்பார்கள், பந்தல் கட்டுகிற மாதிரி. அது கிழியும், அழுக்காகும். நடுவில் ஒட்டு விட்டுப் போகாது, ஏனென்றால் நடுவில் ஒட்டே கிடையாது. பின்னால் வந்த கார்களில் அச்சில் அழுத்திச் செய்த ஒரு பெரிய அட்டை. அதன்மேல் சில மில்லிமீட்டர் கனத்துக்கு ஸ்பாஞ்ச். ஸ்பாஞ்சோடு சேர்த்தே நெய்துணி. பார்க்க மெத்தென்று இருக்கும், சத்தத்தையும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அந்த ஸ்பாஞ்ச் பாலியூரித்தேன். சூடும் ஈரமும் வருஷக்கணக்கில் சேர்ந்து அடித்தால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து தூளாகிவிடும். போடாமலே அலமாரியில் வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் ஒரு நாள் தானாக உதிர்வதைப் பார்த்திருக்கிறீர்களா? அதே கதைதான்.

எங்கள் ஊர் வெயில் இதற்கு உரம் போடுகிறது. மூடிய காருக்குள் என்ன சூடு ஏறும் என்று 2005-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். காரில் விட்டுச்செல்லப்படும் குழந்தைகளின் ஆபத்தைச் சொல்வதற்காகச் செய்த ஆய்வு அது. ஒரு மணி நேரத்தில் வெளி வெப்பத்தைவிட சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடுகிறது, அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடுகிறது, கண்ணாடியை லேசாக இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். சித்திரை மாசத்து 39 டிகிரியோடு அந்த 22-ஐக் கூட்டிப் பாருங்கள். அதுவும் காற்றின் சூடுதான். நேர் வெயில் வாங்குகிற தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்சின் கதியை நினைத்துப் பாருங்கள். மழை குறைவு, காற்று உலர்ந்தது என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் இந்த மண்ணில் வேர் விட்டன. அதே வெயில்தான் கார் கூரையையும் உதிர்க்கிறது.

இப்போது காமர்ஸ் பக்கம் வருவோம். காரை விலை கேட்டு வந்தவர் 55,000 என்று ஆரம்பித்தார். உள்ளே தலையை விட்டுப் பார்த்ததும் 40,000 என்றார். கூரைக்கு மட்டும் 15,000 தள்ளுபடி! முழுசாகக் கழற்றிப் புதுத் துணி போட குஷன் கடையில் கேட்டது 5,500. நானும் சித்தப்பாவும் செய்தபோது துணி, பசை, பிரஷ் எல்லாம் சேர்த்து 1,900-க்குள் முடிந்தது. அக்கவுண்ட்ஸில் இது வருவாய்ச் செலவு. வண்டியின் ஆயுளைக் கூட்டாது, இருக்கிற நிலையில் வைத்திருக்கும். அதற்காக மூலதனத்தையே விற்பவனுக்கு எங்கள் சார் பாஸ் மார்க் போட மாட்டார்.

பழைய காரை விற்க நியாயமான காரணங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். என்ஜின் எண்ணெய் குடித்தால், அடித்தகடு துருப்பிடித்தால், தாராளமாக விற்கலாம். ஆனால் தொங்கும் துணி ஒரு காரணமே இல்லை. அது காரின் வயசைச் சொல்வதில்லை, எங்கே நிறுத்தினீர்கள் என்பதைத்தான் சொல்கிறது.

சரி, எப்படிச் செய்தோம்? சுருக்கமாகச் சொல்கிறேன். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு ரூம் லைட், சன் வைசர், கைப்பிடிகள், கதவோர பீடிங், பில்லர் மேல் மூடிகள் எல்லாவற்றையும் எடுத்தோம். முன் சீட்டுகளைச் சாய்த்து, அட்டையை இரண்டு பேர் பிடித்து, பின் கதவு வழியாக வளைக்காமல் வெளியே கொண்டு வந்தோம். மடங்கினால் அந்தக் கோடு சாகும்வரை தெரியும், ஜாக்கிரதை. வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அதன் மேல் அட்டையை வைத்து, மூக்கில் மாஸ்க் கட்டி, மெல்லிய பிரஷால் தூள் முழுவதையும் தேய்த்து எடுத்தோம். இதற்கு மட்டும் ஒரு முழு நாள் போனது. தண்ணீர் வைக்காதீர்கள், அட்டை ஊறிவிடும். கை வைத்தால் விரலில் தூள் வரக்கூடாது, அதுதான் கணக்கு.

புதுத் துணி ஸ்பாஞ்ச் ஒட்டியே வரும், அதைத்தான் வாங்க வேண்டும். வெறும் துணி வாங்கினால் பசை ஊறிக் கறையாகும், அட்டையின் மேடு பள்ளம் எல்லாம் வெளியே தெரியும். தச்சு வேலைக்கான வெள்ளைப் பசை வேண்டாம், இந்தச் சூட்டுக்கு அது நிற்காது. சூடு தாங்கும் ரப்பர் வகைப் பசையைக் கேட்டு வாங்குங்கள். அட்டையிலும் ஸ்பாஞ்சிலும் மெல்லிசாகப் பூசி, விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும் ஆனால் விரலோடு வரக்கூடாது என்கிற பதத்துக்குக் காத்திருந்தோம். பிறகு பாதித் துணியை மடித்துப் போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிக்கொண்டே போனோம், அப்புறம் மறுபாதி. ஒட்டும் வேலை ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ராத்திரி முழுக்கக் காயவிட்டு மறுநாள் மாட்டினோம்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் துணி இல்லை. அந்த முதல் கடையில் பார்த்த ஒரு தம்பி.

எங்களுக்கு முன்னால் வந்த ஒரு காரில் அட்டையைக் கழற்றாமல், உள்ளேயே மல்லாந்து படுத்து ஒட்டிக்கொண்டிருந்தான். என்னைவிட இரண்டு வயசு கம்மியாக இருக்கலாம். தெருத் தூசி பசையில் படக்கூடாது என்று கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. நான் கதவைத் திறந்ததும் அந்த நெடி முகத்தில் அறைந்தது. "தலை சுத்தாதா?" என்றேன். "சுத்தும்ணே. பழகிருச்சு" என்று சிரித்தான்.

அந்த ரப்பர் பசைகளில் டொலுவீன், ஹெக்ஸேன் மாதிரி எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள் இருக்கும். நரம்பைப் பாதிப்பவை, தீப்பிடிப்பவை. அதன் ஆவி காற்றைவிடக் கனம், கார் தரையில் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். நம்ம ஊருக்கு இதைச் சொல்ல வேண்டுமா? பட்டாசு ஆலைக்குள் போகிறவனுக்குப் பருத்திச் சட்டை போடு, இரும்புச் சாமான் கொண்டு போகாதே, உடம்பில் ஏறிய நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போ என்று பாடம் நடத்துகிற மண் இது. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை மறக்காத மண். ஆனால் அந்த ஞானம் எல்லாம் ஆலை கேட்டோடு நின்றுவிடுகிறது. தெருவில் ஒரு பையன் மூடிய காருக்குள் பாலியஸ்டர் பனியனோடு படுத்துப் பசை தடவுகிறான், நாம் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டு "இன்னும் எவ்வளவு நேரம் தம்பி?" என்று கேட்கிறோம்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. அட்டையைக் கழற்றி வேலை செய்தால் ஒரு நாள் ஆகும், காசு கூட ஆகும். நமக்கு அரை மணி நேரத்தில், ஆயிரத்துக்குள் முடிய வேண்டும். அந்த அவசரத்துக்கு ஏற்றபடி அவர்கள் கண்டுபிடித்த வழிதான் ஊசியும், மூடிய கதவும். விலை குறைகிறது என்றால் மிச்சத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள் என்று அர்த்தம். பாதியை அந்தத் தம்பியின் நுரையீரல் கட்டியது. மீதியை நாற்பது நாள் கழித்து நாங்களே கட்டினோம்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். கூரை வேலைக்குக் கடைக்குப் போனால் துணி என்ன கலர் என்று கேட்பதற்கு முன்னால் "அட்டையை வெளியே எடுப்பீங்களா?" என்று கேளுங்கள். எடுப்போம் என்றால் கேட்ட காசைக் கொடுங்கள். தூளும் முழுசாகப் போகும், வேலை செய்கிறவரும் காற்றில் நிற்பார். எடுக்க மாட்டோம் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். உள்ளே படுத்து ஒட்டுவது மலிவு ரிப்பேர் என்று நினைக்காதீர்கள், அது ரிப்பேரே இல்லை.

போன வாரம் பாட்டியை மதுரைக்குக் கூட்டிப் போனோம். போக வர ஒரு தடவைகூட இருமல் இல்லை. திருமங்கலம் தாண்டும்போது அண்ணாந்து கூரையைப் பார்த்தார். நானும் சித்தப்பாவும் பாராட்டுக்காகக் காத்திருந்தோம்.

"பழைய கலர்தான் நல்லாருந்துச்சு" என்றார்.

பி.கு: கூரையின் பக்கவாட்டில் கர்ட்டன் ஏர்பேக் இருக்கிற புது மாடல் வண்டி என்றால் என்னை நம்பி பில்லர் மூடியில் கை வைக்காதீர்கள். அதற்குத் தெரிந்தவர்களிடம் போங்கள். நாங்கள் செய்தது ஏர்பேக் என்றால் என்னவென்றே தெரியாத வண்டி.