எண் மாறினால் சூரியன் மாறுமா?

கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904-ஆம் ஆண்டு முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறார்கள். பழைய படங்களுள் பல கண்ணாடித் தகடுகளில் பதிந்தவை. அவற்றைப் பிற்காலத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். கால்சிய ஒளியில் எடுத்த தகடுகள் முதலில் 8 பிட் முறையில் ஏற்றப்பட்டன. அதாவது, கருமைக்கும் வெண்மைக்கும் இடையே 256 படிகள். பின்னர் 16 பிட் முறையில் மீண்டும் ஏற்றினார்கள். படிகள் 65,536 ஆயின. சூரிய வட்டத்தின் நடுப்பகுதி பிரகாசமாகவும் விளிம்பு மங்கலாகவும் தெரியுமல்லவா? அந்த வேறுபாட்டை நீக்கிய படங்களும் உண்டு. தகடு ஒன்று, கோப்புகள் மூன்று. எதை வைத்து அளந்தோம் என்று குறிக்காமல் இரு மாணவர்கள் விடைகளை ஒப்பிட்டால், சூரியனே மாறிவிட்டதாக எண்ண நேரிடும்!

ஆகவே, பதிப்பெண் வெறும் வரிசை எண் அன்று. மூலம் எது, அதன்மேல் செய்த திருத்தம் எது என்பதை அது காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

மென்பொருள் உலகில் இதற்கு நல்ல மரபு ஒன்று இருக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளத்துக்கு அடிப்படையாக அமைந்தது டெபியன். டெபியனில் ஒரு தொகுப்பின் எண் 2.4-3 என்றிருந்தால், 2.4 என்பது மென்பொருளை எழுதியவர் இட்டது. சிறு கோட்டுக்குப் பின்னுள்ள 3, அதைத் தொகுத்தவர் இட்ட திருத்த எண். டெபியனுக்கென்றே எழுதிய மென்பொருளில் மூலம் வேறு, தொகுப்பு வேறு அல்ல. ஆகவே கோடும் இல்லை. உள்ளே ஒரு வகை, மேலே வேறு வகை எண் என்றிருந்தால், பிழை எங்கே புகுந்தது என்று தேடுவோர் திண்டாடுவார்கள்.

"எண்ணில் என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். 1957-ஆம் ஆண்டின் சராசரி சூரியப்புள்ளி எண் பழைய நூல்களில் சுமார் 190. கணக்கிடும் முறையை 2015-இல் திருத்திய பின், அதே ஆண்டுக்குச் சுமார் 269! புள்ளிகள் பெருகிவிடவில்லை. பிரஸ்ஸல்ஸ் விஞ்ஞானிகள் புதிய வரிசைக்குப் 'பதிப்பு 2.0' என்று பெயரிட்டார்கள். பழைய வரிசையையும் பாதுகாத்து வைத்தார்கள். அதனால் குழப்பம் நீங்கியது.

மாணவ நண்பர்களே, உங்கள் செய்முறை நோட்டிலும் இதையே கடைப்பிடியுங்கள். முதலில் கண்ட அளவை அழிக்காதீர்கள். பக்கத்தில் 'திருத்தம் 1' என்று எழுதி, தேதியையும் காரணத்தையும் குறியுங்கள். பிழை செய்வது குற்றமல்ல. அதன் தடத்தை அழிப்பதே குற்றம்.