விலையல்ல, இடம்தான் கணக்கு

ஏலக்காலம் வந்தால் லோறென்ஸ்கூக்கில் நம்மவர் கூடுமிடமெல்லாம் ஒரே வழக்குத்தான். 2025 ஐபிஎல் பருவத்துக்கு சென்னை சூப்பர் கிங்ஸ் விஜய் சங்கரை எடுத்தது சரியா? தமிழ்நாட்டுப் பெடியன் ஆண்ட்ரே சித்தார்த்தை ஏன் ஆடவிடவில்லை?

முதலில் பணத்தைப் பார்ப்போம். 34 வயதுச் சகலதுறை வீரர் விஜய் சங்கருக்கு 1.2 கோடி ரூபாய். 18 வயதுச் சித்தார்த்துக்கு 30 இலட்சம். அணியின் செலவு வரம்பு 120 கோடி. மூத்தவர் அதில் நூற்றில் ஒன்று, இளையவர் கால். இதில் பெரிய நட்டம் எதுவுமில்லை.

நட்டம் ஆட்டங்களில்தான். டெல்லிக்கு எதிராக விஜய் சங்கர் 54 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 69 ஓட்டங்கள் எடுத்தும் சென்னை 25 ஓட்டங்களால் தோற்றது. சரிந்த அணியில் ஒருவர் நின்றுபிடிக்கத்தான் வேண்டும் என்போரின் வாதத்தையும் நாம் தள்ளிவிட முடியாது.

ஆனால் ஏப்ரல் 30இல் பஞ்சாப்பிடம் தோற்றதோடு அடுத்த சுற்று வாய்ப்பு முடிந்தது. அதன்பின் நான்கு ஆட்டங்கள் மிச்சமிருந்தன. பருவத்தின் நடுவில் மாற்று வீரர்களாக வந்த ஆயுஷ் மாத்ரேக்கும் உர்வில் பட்டேலுக்கும் இடம் கிடைத்தது. 17 வயது மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 அடித்தார். ஆக, வயது தடையல்ல. ரஞ்சிக் கிண்ணத்தில் 600 ஓட்டங்களைக் கடந்துவந்த சித்தார்த்துக்கோ ஓர் ஆட்டமும் இல்லை. சென்னை கடைசி இடத்தில் முடித்தது. பின்னர் இருவரையுமே விடுவித்தது.

மூத்தவரை எடுத்தது பிழையல்ல. இழக்க எதுவுமில்லாத நான்கு ஆட்டங்களில் ஒன்றைக்கூட இளையவருக்குக் கொடுக்காததே பிழை. ஆடாத ஆட்டத்தை அடுத்த ஆண்டுக்கு மீதியாகக் கொண்டுசெல்ல முடியாது.