பிள்ளையின் கூலியைப் பிடித்தம் செய்யாதே!

மாங்காடு காமாட்சியம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வருகிறவர்களை நாம் நித்தம் பார்க்கிறோம். பெண்ணுக்குக் கல்யாணம் கூடவேண்டும், பையனுக்கு வரன் அமையவேண்டும் என்று வருகிறார்கள். வரட்டும், அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்தக் கல்யாணம் முறிந்து, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்குத் திரும்பும் பெண் எங்கே போய் நிற்பது? அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

நம் சங்கத்து ஆட்களிலேயே சிலர் டீக்கடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "அத்துவிட்டாச்சு. பிள்ளை அவகிட்டே இருக்கு, அவளே பாத்துக்கட்டும்!" மே தின ஊர்வலத்தில் கொடி பிடித்த கைதானா இது? முதலாளி ஒரு நாள் கூலியைப் பிடித்தால் ஆலை வாசலில் உட்கார்ந்து கோஷம் போடுகிறோம். பெற்ற பிள்ளையின் அரிசிக் காசைப் பிடித்து வைப்பவனுக்கு என்ன பெயர்?

தோழர்களே! விவாகரத்து அறுப்பது புருஷன் பெண்டாட்டி உறவைத்தான். தகப்பன் பிள்ளை உறவை எந்தக் கோர்ட்டும் அறுப்பதில்லை. முன்பு 125-வது பிரிவு என்றார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் மனதில் நுழையவேண்டும். இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் என்ற பேதம் இதில் கிடையாது. கல்யாணமே ஆகாமல் பிறந்த குழந்தைக்கும் உரிமை உண்டு. ஊர்ப் பெரியவர்கள் எழுதிய தீர்வைப் பத்திரத்தில் "இனி ஒன்றும் கேட்கமாட்டேன்" என்று தாய் கைநாட்டு வைத்திருந்தாலும், பிள்ளையின் பங்கு அதில் அடங்காது.

இந்தச் சட்டத்தின் பழைய யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். 1955-ல் ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டினார்கள். 1973-ல் புதுச் சட்டம் எழுதியபோதும் அதே 500. சில மாநிலங்கள் தாமாக உயர்த்திக்கொண்டன. மத்திய சர்க்கார் வரம்பை எடுத்தது 2001-ல்தான். நாற்பத்தாறு வருஷம்! இதற்குள் அரிசி விலை எத்தனை தடவை ஏறியிருக்கும்? ஆலைத் தொழிலாளி தடியடி பட்டுப் பஞ்சப்படி வாங்கினான். பால் குடிக்கும் பிள்ளைக்குச் சங்கம் ஏது, வேலைநிறுத்தம் ஏது? அது 1955-ம் வருஷத்து விலைவாசியிலேயே வளரவேண்டும் என்று டில்லியில் இருந்தவர்கள் நினைத்தார்கள் போலும்!

இன்று வரம்பு இல்லை. வேறு தந்திரம் இருக்கிறது. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டவேண்டும், மனுப் போட்ட தேதியிலிருந்தே தொகை தரவேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ஸில் போகும் காண்டிராக்ட் தொழிலாளிகளில் எத்தனை பேர் கையில் ஒழுங்கான சம்பளச் சீட்டு இருக்கிறது? கோர்ட்டு கேட்டால் காண்டிராக்டர் "அப்படி ஒரு ஆளே என்னிடம் இல்லை" என்று கைவிரிக்கிறான். சீட்டு கொடுக்காதவன் தொழிலாளியை மட்டுமா ஏய்க்கிறான்? அவன் பிள்ளையையும் சேர்த்துத்தான் ஏய்க்கிறான்.

1936-ல் சோவியத் நாட்டில் கணக்கைச் சட்டத்திலேயே எழுதினார்கள். ஒரு பிள்ளைக்குச் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கு. இரண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் பாதி. அதே சட்டம் கருக்கலைப்பைத் தடை செய்தது, அது தவறு. இந்தக் கணக்கு சரி. சோவியத் 1991-ல் கலைந்த பிறகும் ரஷ்யச் சட்டத்தில் இந்தப் பங்கு நிற்கிறது. இங்கேயும் அப்படி ஒரு பங்கு நிர்ணயித்து, சம்பளப் பட்டியலிலேயே பிடித்து அனுப்பச் சொல்லிக் கேட்கவேண்டும்.

"நானே அன்றாடங்காய்ச்சி, எங்கே போவேன்?" என்பான் ஒருவன். உடலுழைப்புச் செய்தாவது பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்று என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உழைக்கத் தயார், விவசாயக் கூலிக்கு வருஷம் முழுதும் வேலை எங்கே என்று சர்க்காரைக் கேட்போம். உரக்கக் கேட்போம். அந்தக் கேள்வியைப் பிள்ளையின் பட்டினிக்குச் சாக்காக வைக்காதே! வேலை கிடைத்த நாளின் கூலியில் பங்கு கொடு. வருமானம் விழுந்துவிட்டால் தொகையைக் குறைக்கும்படி மனுப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. ஓடி ஒளிய இடம் இல்லை. கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை; சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி தீராது.

சகோதரிகள் கவனிக்க வேண்டியது: நீங்கள் குடியிருக்கும் ஊர்க் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். சட்ட உதவிக் குழு பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை இடைக்கால உத்தரவு போடவேண்டும் என்பது விதி. பாக்கி விழுந்தால் ஓராண்டுக்குள் வசூல் மனுப் போட்டுவிடுங்கள். தவறினால் அந்த வழி அடைபடும்.

பிள்ளையின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை, அவன் வேலை செய்யும் இடத்தின் பெயர், எது கையில் இருக்கிறதோ அதோடு சாயந்திரம் சங்க ஆபீசுக்கு வாருங்கள். அவனுடைய சம்பளச் சீட்டு இல்லாவிட்டால், கூட வேலை செய்யும் தோழர்கள் அவன் வாங்கும் கூலியைக் கோர்ட்டில் வந்து சொல்லட்டும். வர மறுப்பவர்களை, ஏன் வரவில்லை என்று சங்கக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்திக் கேட்போம்.