ஏன் செய்தான்? உலு திராம் தாக்குதலும் நமது அவசரத் தீர்ப்புகளும்

2024 மே 17, வெள்ளிக்கிழமை. பின்னிரவு மணி மூன்றை நெருங்கிய நேரம். உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் பாராங் கத்தியுடன் 21 வயது இளைஞன் ஒருவன் புகுந்தான். பணியில் இருந்த போலீஸ்காரர் ஒருவரை வெட்டினான். துப்பாக்கியைப் பறித்து இன்னொருவரைச் சுட்டான். மூன்றாவது போலீஸ்காரர் காயமடைந்தார். தாக்கியவன் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டான்.

உயிரிழந்தவர்கள் கான்ஸ்டபிள் அகமட் அஸா பாமி அஸார், வயது 22. கான்ஸ்டபிள் முகமட் சியாபிக் அகமட் சைட், வயது 24. இருவருமே வாழத் தொடங்கியிருந்த இளைஞர்கள். தாக்கியவனின் பெயர் இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி போகும் சாலையில், தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த ஊர் இது. புகார் கொடுக்கவும், தொலைந்த அடையாள அட்டைக்கு ரிப்போர்ட் எழுதவும் எல்லா இனத்தவரும் போய் வந்த நிலையம் அது. அன்று காலை விடிந்ததும் அனைவர் வாயிலும் ஒரே கேள்விதான்: ஏன் செய்தான்?

பதில்களுக்குப் பஞ்சமில்லை. காலைத் தேநீர் ஆறுவதற்குள் எங்கள் தாமான் புலனக் குழுவில் மூன்று விளக்கங்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் அனுப்பியவர் நேரில் பார்த்ததுபோல் எழுதியிருந்தார். ஒருவருக்கும் அந்த இளைஞனின் முகம்கூடத் தெரியாது.

ஒரு மாதத்தில் மூன்று காரணங்கள்

நம்மைப் போன்றவர்களை விடுவோம். விசாரணையைக் கையில் வைத்திருந்தவர்கள் சொன்னதைப் பார்ப்போம்.

முதல் நாள், போலீஸ் படைத் தலைவர் டான்ஸ்ரீ ரசாருடின் உசேன் பேசினார். ஆயுதங்களைக் கைப்பற்றுவது நோக்கமாக இருக்கலாம் என்றார். இளைஞனின் தந்தை ஜெமா இஸ்லாமியா அமைப்பைச் சேர்ந்தவர் என்று அறியப்பட்டதால் அந்தக் கோணத்திலும் விசாரணை நடப்பதாகக் கூறினார்.

மறுநாள், உள்துறை அமைச்சர் டத்தோஸ்ரீ சைபுடின் நசுதியோன் இஸ்மாயில் வேறுவிதமாகச் சொன்னார். ஆரம்பக்கட்ட விசாரணையின்படி அவன் தனி ஆளாகச் செயல்பட்டவன். எந்த அமைப்பும் அவனை அனுப்பியதாகத் தெரியவில்லை என்றார்.

ஜூன் மாதம், இளைஞனின் குடும்பத்தினர் ஐவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். அங்கே முன்னுக்கு வந்த பெயர் ஜெமா இஸ்லாமியா அல்ல, ஐ.எஸ். அந்தக் கொள்கையை வீட்டிலேயே புகட்டிப் பயங்கரவாதத்தைத் தூண்டினார் என்பது தந்தை மீதான குற்றச்சாட்டு.

இதைச் சொல்வது அதிகாரிகளைக் குறை கூற அல்ல. விசாரணை நகர நகரக் காரணமும் மாறும். நேர்மையான விசாரணை அப்படித்தான் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா வசதியும் அதிகாரமும் உள்ள புலனாய்வாளர்களுக்கே, ஒருவனின் நெஞ்சுக்குள் இருந்ததன் ஓரத்தைத் தொட ஒரு மாதம் பிடித்தது. நமக்கு ஒரு கோப்பைத் தேநீர் நேரம் போதுமாக இருந்தது.

இன்னொன்று. தாக்குதல் நடந்த நேரத்தில் இரண்டு மாணவர்கள் அந்த நிலையத்தில் இருந்தார்கள். ஈராண்டுக்கு முன் நடந்த ஒரு சம்பவம் குறித்துப் புகார் கொடுக்க வந்ததாகச் சொன்னார்கள். அந்த நேரத்திலா, அவ்வளவு பழைய சம்பவத்துக்கா என்ற சந்தேகத்தில் அவர்களும் பிடித்து வைக்கப்பட்டார்கள். போலீஸ் சந்தேகப்பட்டது அதன் கடமை. ஆனால் அதற்குள் பொதுமக்களில் பலர் அவர்களைக் கூட்டாளிகள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஜூனில் குற்றம் சாட்டப்பட்ட ஐவரும் இளைஞனின் குடும்பத்தினரே. அந்த மாணவர்கள் அதில் இல்லை.

சந்தேகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

ஜெமா இஸ்லாமியா என்ற பெயர் முதலில் எழுந்தது காரணமில்லாமல் அல்ல. 1990களில் இதே உலு திராமில் லுக்மானுல் ஹக்கிம் என்ற சமயப்பள்ளி இயங்கியது. பார்வைக்கு மற்றப் பள்ளிகளைப் போன்ற பள்ளிதான். ஆனால் அங்கே பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் முக்லாஸ். 2002 அக்டோபர் 12ஆம் நாள் 202 பேரின் உயிரைக் குடித்த பாலித் தீவுக் குண்டுவெடிப்புக்காகப் பின்னர் இந்தோனேசியாவில் மரண தண்டனை பெற்றவர். நோர்டின் முகமட் தோப்பும் அந்தப் பள்ளியோடு தொடர்புடையவரே. குண்டு தயாரிப்பதில் கைதேர்ந்தவர் என்று தேடப்பட்ட டாக்டர் அசாகாரி உசேனோ ஸ்கூடாயில் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்தவர்.

அசாகாரியிடம் பாடம் கேட்ட மாணவர்கள் அன்று என்ன கண்டிருப்பார்கள்? ஒரு விரிவுரையாளரைத்தான். செயல் வெளியே தெரியும், நோக்கம் தெரிவதில்லை. ஊருக்கு இப்படி ஒரு பழைய கதை இருந்ததால் 2024லும் முதல் சந்தேகம் அங்கே போனது. பழைய கதை சில சமயம் வழி காட்டும். சில சமயம் வழி தவறவும் வைக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

சாதாரணக் கொலை வழக்கில் சட்டம் முதலில் பார்ப்பது, கொல்லும் எண்ணத்தோடு செய்தாரா என்பதை. எதற்காகச் செய்தார் என்பது துணைச் சான்று. 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, நோக்கத்தைக் காட்டும் விவரங்களை நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது. ஆனால் நோக்கம் தெரியாவிட்டாலும் குற்றம் நிரூபணமாகலாம்.

பயங்கரவாத வழக்கு அப்படியல்ல. தண்டனைச் சட்டத்தின் 130பி பிரிவின்படி, அரசியல், சமய அல்லது கொள்கை நோக்கத்தை முன்னெடுக்கும் எண்ணத்தோடு செய்ததா என்பதே செயலின் தன்மையைத் தீர்மானிக்கிறது. அதாவது இங்கே மனத்துக்குள் இருப்பது குற்றத்தின் பாதி. அந்தப் பாதியை யார், எப்படி, எவ்வளவு அவசரமாகப் படிக்கிறார்கள் என்பதில் ஒருவரின் விடுதலையே தொங்குகிறது. சொஸ்மா சட்டத்தின் கீழ் 28 நாள்வரை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகாமலே தடுத்து வைக்கலாம். ஜாமீன் கிடைப்பதும் அரிது.

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்பு என்று கூறி 12 தமிழர்கள் இதே சொஸ்மாவில் கைது செய்யப்பட்டார்கள். காடெக் சட்டமன்ற உறுப்பினர் ஜி. சாமிநாதனும், சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி. குணசேகரனும் அதில் அடக்கம். அந்த இயக்கமோ 2009 மே மாதத்திலேயே போர்க்களத்தில் முடிந்துபோன ஒன்று. கைபேசியிலும் முகநூலிலும் இருந்த படங்கள்கூடக் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரமாயின. ஒரு படத்தை வைத்திருப்பவரின் மனத்தில் இருப்பது இரக்கமா, நினைவா, இனப்பற்றா, வன்முறை ஆசையா? படம் அதைச் சொல்லாது. 2020 பிப்ரவரி 21ஆம் நாள் சட்டத்துறைத் தலைவர் டான்ஸ்ரீ டோமி தோமஸ் 12 பேர் மீதான குற்றச்சாட்டுகளையும் மீட்டுக்கொண்டார். குற்றத்தை நிரூபிக்க வாய்ப்பில்லை என்பது அவர் சொன்ன காரணம்.

அந்த நான்கு மாதங்களில் அந்தக் குடும்பங்கள் தீபாவளியையும் பொங்கலையும் எப்படிக் கழித்திருக்கும் என்று நாம் அப்போது வேதனைப்பட்டோம். நம் மீது அவசரமாக நோக்கம் சுமத்தப்பட்டபோது வலித்தது. அதே அவசரத்தை நாம் மற்றவர் மீது காட்டும்போது மட்டும் அது நமக்கு வலிப்பதில்லை.

நம் மனமே நமக்குத் தெரியாது

பிறர் மனம் இருக்கட்டும். நம் மனத்தையாவது நாம் அறிவோமா? 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரிசையாக வைத்த நான்கு காலுறைகளில் தரமானதைத் தேர்ந்தெடுக்கும்படி கடைக்கு வந்தவர்களிடம் கேட்டார்கள். நான்கும் ஒன்றேதான், அது அவர்களுக்குத் தெரியாது. வலது கோடியில் இருந்ததையே அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்று கேட்டால் துணி நன்றாக இருக்கிறது, நெசவு நன்றாக இருக்கிறது என்றார்கள். வைத்திருந்த இடம்தான் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. செய்த பிறகு, செய்ததற்கு ஏற்ற காரணத்தைக் கட்டிக்கொள்வது மனித இயல்பு.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துக் கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். பல ஆண்டு பொருளாளராக இருந்த ஒரு பெரியவர் திடீரென்று கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். கணக்குப் புத்தகத்தைக் கேட்டால் நாளை, நாளை மறுநாள் என்றார். பணத்தைத் தின்றுவிட்டார் என்று பேச்சு எழுந்தது. அப்படிப் பேசியவர்களில் நானும் ஒருவன். கடைசியில் அவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது. கண்ணில் புரை விழுந்து எழுத்தே தெரியவில்லை. நீட்டிய ரசீதுகளில் எல்லாம் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கணக்கு தப்பாக இருக்குமோ என்ற பயம். சொன்னால் பதவி போகுமே என்ற வெட்கம். ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். ஒரு வெள்ளி குறையவில்லை. மறைந்திருந்தது பேராசை அல்ல, வெட்கம். அவர் வீட்டுப் படி ஏற எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. அவரைத் திருடன் என்று சொல்ல எட்டு நாள்கூட ஆகவில்லை.

வீட்டுக்குள்ளே தெரியாதது

தூரத்தில் இருப்பவரின் நோக்கத்தை உடனே அறிந்ததாக நினைக்கிறோம். பக்கத்தில் இருப்பவரின் நோக்கத்தையோ கேட்பதே இல்லை. இதுதான் நமது உண்மையான சிக்கல்.

2013இல் உள்துறை அமைச்சு குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது நினைவிருக்கும். 49 கும்பல்கள், 40,313 உறுப்பினர்கள். அவர்களில் 71 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்றது அமைச்சு. அப்போதும் நாம் காரணங்களை அடுக்கினோம்: சினிமா, குடி, வறுமை, தோட்டத்தை விட்டு வெளியேற்றியது. எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் நமது பையன் ஏன் இரவு பத்து மணிக்கு மேல் அந்த முச்சந்தியில் நிற்கிறான் என்று அவனிடமே கேட்ட வீடுகள் எத்தனை? பள்ளியில் கடைசி பெஞ்சு, வீட்டில் திட்டு, வேலை தேடிப் போன இடத்தில் புறக்கணிப்பு. அங்கே ஒருவன் மட்டும் தோளில் கை போட்டு, தம்பி என்று கூப்பிடுகிறான். பையன் தேடியது பணமாக இல்லாமல், அந்த ஒரு சொல்லாகவும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

உலு திராம் சம்பவத்துக்குப் பின் வந்த செய்திகளில், அந்தக் குடும்பம் அக்கம்பக்கத்தாரோடு பழகாமல் ஒதுங்கியே வாழ்ந்தது என்பதும் ஒன்று. ஒதுங்கி வாழ்வது குற்றமல்ல. ஒதுங்கியவர் எல்லாரும் ஆபத்தானவர் என்று சொன்னால் அதுவும் இன்னோர் அவசரத் தீர்ப்பு. ஆனால் யாரும் போய்ப் பேசாத வீட்டுக்குள் என்ன வளர்கிறது என்பது யாருக்கும் தெரியாது. நோயா, துக்கமா, கடனா, வெறுப்பா?

வள்ளுவர் குறிப்பறிதல் என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் வைத்தார். பொருட்பாலில் 71ஆவது அதிகாரம், காமத்துப்பாலில் 110ஆவது. முன்னது அரசனின் பக்கத்திலேயே இருக்கும் அமைச்சருக்கு. பின்னது ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து நிற்கும் காதலருக்கு. இரண்டும் அருகில் இருப்பவர்களுக்கு உரியவை. முகம் பார்க்கும் தூரத்தில் இருப்பவர்தான் மனக்குறிப்பை அறிய முடியும்.

அடுத்த முறை ஏதாவது பெரிய சம்பவம் நடக்கும்போது, ஏன் செய்தான் என்ற கேள்விக்குப் பதில் வந்து விழும் புலனச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் கொஞ்சம் பொறுப்போம். விசாரிக்க வேண்டியவர்கள் விசாரிக்கட்டும். நீதிமன்றம் சொல்லட்டும். அந்த நேரத்தில் நமக்கு வேறு வேலை இருக்கிறது. நாலு நாளாகக் கதவு திறக்காத பக்கத்து வீட்டைத் தட்டிப் பார்க்கலாம். சாப்பிடாமல் அறைக்குள் அடைந்து கிடக்கும் மகனிடம், என்னப்பா ஆச்சு என்று கேட்டு, பதில் வரும்வரை பக்கத்தில் உட்காரலாம்.