காசில் உள்ள துளை புதையலுக்கு வழி சொல்லாது

பழைய காசு ஒன்றில் விளங்காத முத்திரையோ துளையோ இருந்தால் நம் ஊர்களில் உடனே ஒரு கதை கிளம்பிவிடுகிறது. "இது புதையல் அடையாளம்", "இதுக்கு லட்சக்கணக்கில் விலை" என்பார்கள். அதை நம்பிக் கைக்காசை இழப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். கதையைக் கேட்க முன் காசைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கப் பழகுவோம்.

துளை சரியாக நடுவில் இருந்து, எழுத்துகள் அதைச் சுற்றி ஒழுங்காக அமைந்திருந்தால் அது காசு அடித்த இடத்திலேயே போட்டது. இந்தியாவில் 1943 முதல் 1947 வரை வந்த ஒரு பைசா அப்படித்தான். போர்க்காலத்தில் உலோகத்தை மிச்சப்படுத்த நடுவில் பெரிய துளை விட்டார்கள். சீனக் காசின் சதுரத் துளை கயிற்றில் கோப்பதற்கு. யாப்பஹுவையிலும் அப்படிப்பட்ட சீனக் காசுகள் கிடைத்துள்ளன.

துளை விளிம்போரமாக, எழுத்தை வெட்டிக்கொண்டு போனால் பிறகு யாரோ போட்டது. அரசியின் தலைக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் மாலைக்கோ சங்கிலிக்கோ தான். சேகரிப்பவர் அதைப் பழுது என்று விலை குறைப்பார். நமக்கோ அது நம் உம்மும்மாமாரின் கழுத்தில் கிடந்ததற்குச் சாட்சி.

இனி முத்திரை. வி என்ற ஆங்கில எழுத்தின் இரண்டு கால்களிலும் ஓ, சி பின்னியிருந்தால் அது மந்திர எழுத்து அல்ல, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம். அவர்களின் செப்புக் காசில் சின்னத்தின் கீழே ஆண்டும் இருக்கும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரின் வெள்ளிக் காசுகள் மேலும் இதே சின்னத்தைக் குத்தி இங்கே புழங்கவிட்டார்கள். ஆட்சி மாறியது, காசு மாறவில்லை. சீன வணிகர்களும் வெள்ளி டாலர்களைச் சோதித்து, சரி என்று தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். பின்னால் குத்திய முத்திரை பழைய உருவத்தை நசுக்கியிருக்கும். மறுபக்கமும் அந்த இடத்தில் தட்டையாகியிருக்கும்.

ஆகவே புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தேய்த்தால் அடையாளமும் போய்விடும். இரு பக்கமும் படமெடுங்கள். யாருடையது, எப்படி வந்தது என்று வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். மண்ணில் கிடைத்ததென்றால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதியின்றிப் புதையல் தோண்டுவது குற்றம்.

உருக்கக் கொடுத்தால் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கலாம். ஆனால் இந்த மண்ணில் நாம் வாழ்ந்து, வாங்கி, விற்றதற்கான ஆதாரம் உலையோடு போய்விடும். அதைத் திரும்ப வாங்க எந்தக் கடையும் இல்லை.